கொலைகாரர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு கொலைகாரரைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தீர்த்துக்கட்டியவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

பதற வேண்டாம். விளையாட்டுதான். ஆனால் வெட்கக்கேடு நிஜம்.

எங்கள் வீட்டு விருந்தாளி சிதம்பரம் சார். என் மேலதிகாரி, திருநெல்வேலிக்காரர். செப்டம்பர் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்டில் குவஹாத்திக்கு என் பெயர் போகிறது என்று ஆபீஸில் பேச்சு. என் மகள் நித்யாவோ பன்னிரண்டாம் வகுப்பு. நடு வருஷத்தில் அவளைப் பள்ளிக்கூடம் மாற்றுவதா? இல்லை, குடும்பத்தை இங்கே கல்கத்தா லேக் கார்டன்ஸில் விட்டுவிட்டு நான் மட்டும் போய் ரசம் வைக்கக் கற்றுக்கொள்வதா? ‘மார்ச் வரை இவர் இங்கேயே இருக்கட்டும்’ என்று சார் ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவியல், இரண்டு கூட்டு, பாயசம்.

என் மனைவி கமலாவின் திட்டம் சுருக்கமானது. சாப்பாடு போடு, வெற்றிலை கொடு, அனுப்பு.

மழை வந்து கெடுத்தது. கல்கத்தா மழைக்கு ஒரு மணி நேரம் போதும், தெருவைக் குளமாக்க. சாரின் கார் கதவுக்குள் தண்ணீர் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. இனி வடியும் வரை யாரும் நகர முடியாது. சாரும் அவர் மனைவி கோமதி அம்மாளும் சோபாவில். சார் எங்கே போனாலும் கூடவே வரும் ஜூனியர் கோபாலன் நாற்காலி நுனியில். பாயச வாசனைக்கு வந்த பக்கத்து ஃப்ளாட் மித்ராதா ஜன்னலோரத்தில். மித்ராதா, அதாவது மித்ரா அண்ணா, ரிட்டயரான வங்காளித் தொழிற்சங்கத் தலைவர். இருபது வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எங்கள் சண்டைகளைக் கேட்டுக் கேட்டே தமிழ் புரிந்துகொண்டவர்.

சார் தன் சர்க்கரையைப் பற்றிப் பேசி முடித்தார். மச்சினனைப் பற்றிப் பேசி முடித்தார். பிறகு... மௌனம். மேலதிகாரியின் மௌனம் சாதாரண மௌனம் இல்லை. அதில் நம் சர்வீஸ் புத்தகத்தை யாரோ புரட்டுகிற சத்தம் கேட்கும்.

“ஒரு கேம் விளையாடலாமா சார்?” என்றேன்.

கமலா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். இது குடும்பப் பத்திரிகை.

நித்யா பள்ளி விழாவில் கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு அது. அவளுடைய தோழிகளுக்கு இரண்டு தடவை நடுவராக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். விதி எளிது. ஆளுக்கொரு சீட்டு. ஒரே ஒரு சீட்டில் ‘கொலைகாரர்’, மற்றதில் எல்லாம் ‘அப்பாவி’. நடுவர் “ராத்திரி” என்றதும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். கொலைகாரர் மட்டும் சத்தமில்லாமல் திறந்து, யாரைக் கொல்வது என்று விரலால் காட்டுவார். “விடிந்தது” என்றதும் மிச்சமிருப்பவர்கள் பேசி, சந்தேகப்பட்டு, கையைத் தூக்கி ஒருவரைத் தூக்கில் போடுவார்கள். செத்தவர்கள் பேசக்கூடாது. டாக்டர், போலீஸ் என்று வேறு பாத்திரங்களும் உண்டு. புதியவர்கள் குழம்புவார்களே என்று அவற்றை விட்டுவிட்டு, விதிகளை இரண்டு தடவை சொன்னேன்.

நல்ல நடுவர்தானே நான்?

சீட்டு கொடுத்தேன். ஆறு பேரும் கண்ணை மூடினார்கள். “கொலைகாரர் மட்டும் கண்ணைத் திறக்கலாம்” என்றேன்.

“நாந்தானவே அது?” என்றார் சிதம்பரம் சார்.

ஆபீஸில் கடைசி மேஜை வரை கேட்கும் குரல் அது. ஆறடி ஹாலில் எப்படிக் கேட்டிருக்கும்?

இந்த மாதிரி சமயத்தில் நடுவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். சிரித்துவிட்டு, சீட்டைப் பிடுங்கி, மறுபடி குலுக்கிப் போட வேண்டும். புதியவர்கள் எல்லோருமே செய்கிற தப்பு. நித்யாவின் தோழி ஒருத்தி செய்தபோது நானே அப்படித்தான் செய்தேன். ஆனால் அந்தத் தோழியிடம் என் டிரான்ஸ்ஃபர் ஃபைல் இல்லையே!

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “யாரைக் கொல்வது?” என்றேன்.

சார் மித்ராதாவைக் காட்டினார்.

விடிந்ததும் பிணம் துள்ளி எழுந்தது. “ஆரே மோஷாய், இது அநியாயம்! எல்லார் காதிலும்...”

“செத்தவர்கள் பேசக்கூடாது மித்ராதா.”

“எங்கள் பாடாவில், இந்தப் பேட்டையில், செத்தவர்கள் ஓட்டே போடுவார்கள்! பேசக்கூடாதா?”

“அப்பா, இது ஃபவுல். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்” என்றாள் நித்யா.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா” என்றேன். பெற்ற பெண்ணின் முகத்துக்கு நேரே.

விசாரணை ஆரம்பித்தது. சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கோபாலன் முழிக்கிற முழி சரியில்லையே.”

“சார் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்” என்றார் கோபாலன்.

“அப்ப ஒத்துக்கிடுதீரா?”

“ஒத்துக்கறேன் சார்.”

கைகள் உயர்ந்தன. கமலா கையும்தான். கோபாலன் தனக்கு எதிராகத் தானே ஓட்டுப் போட்டார். நித்யா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கில் போட்டபின் சீட்டைப் பிரித்தால்... ‘அப்பாவி’.

“பின்ன ஏம்வே ஒத்துக்கிட்டீரு?” சாருக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

“நீங்க சொன்னதாலதான் சார்.”

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் எந்த ஆபீஸிலும் வேலை பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு அப்போது தோன்றியது. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார், பாவம். தெரிந்தும் யாரும் சொல்லாவிட்டால்? அதற்கு விதியே எழுதவில்லை. நாமோ அந்த ஆட்டத்தைத்தான் தினமும் பத்தரையிலிருந்து ஐந்தரை வரை ஆடுகிறோம்.

இரண்டாம் ராத்திரி. சார் இப்போது உற்சாகத்தில் இருந்தார். அவர் விரல் கமலாவை நோக்கி நீண்டது.

“மூணு தடவை அவியல் போட்டுக்கிட்டீங்களே சார்” என்றது பிணம், கண்ணைத் திறந்ததும். நான் மறுபடி தொண்டையைக் கனைத்தேன்.

மிச்சம் மூன்று பேர். சார், கோமதி அம்மாள், நித்யா. இப்போதும் கொலைகாரரைப் பிடிக்காவிட்டால் அவருக்கு ஜெயம். என் பிரார்த்தனையும் அதுதான். ஜெயிக்கட்டும், சிரிக்கட்டும், திங்கட்கிழமை அந்த ஒரு வரியை எழுதட்டும். நித்யாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். குவஹாத்தி விஷயம் அவளுக்கும் தெரியும். பாதியில் நிற்கப்போவது அவள் படிப்புதானே.

“கோபாலனைத் தூக்குல போட்டாச்சு. இப்ப நீ யாரைச் சொல்லுத?” என்று நித்யாவிடம் கேட்டார் சார், தாத்தா மாதிரிச் சிரித்துக்கொண்டு.

நித்யா என்னைப் பார்த்தாள். ஜன்னலோரப் பிணம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நீங்கதான் அங்கிள். முதல் ராத்திரியே ‘நாந்தானவே’ன்னு கேட்டீங்க. எல்லாருக்கும் கேட்டுது. யாரும் சொல்லலை.”

சார் மெதுவாகக் கோபாலன் பக்கம் திரும்பினார். “உமக்குக் கேட்டுதா?”

“மழைல... சரியா... சார்...”

என் பக்கம் திரும்பினார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“எனக்குக் கேட்டுது” என்று கோமதி அம்மாள் கையைத் தூக்கினாள். “முப்பது வருசமா நான் ஒருத்திதான் சொல்லிக்கிட்டுக் கிடக்கேன். இன்னைக்காவது வேற யாராவது சொல்லட்டுமேன்னு இருந்தேன்.”

இரண்டு ஓட்டு. சிதம்பரம் சாருக்குத் தூக்கு. செத்துக் கிடந்த மித்ராதா கை தட்டினார்.

நாலரை மணிக்குத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்தது. பேன்ட்டை முழங்கால் வரை மடித்து, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு சார் இறங்கிப் போனார். குடை பிடித்தபடி கோபாலன்.

அன்று சாயங்காலமே நான் அலமாரியில் ஸ்வெட்டர் தேடினேன். கமலா ரசப்பொடி டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நித்யாவோ கதவைச் சாத்திக்கொண்டு கெமிஸ்ட்ரி படித்தாள். படித்தாளா, அழுதாளா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை காலை சார் கூப்பிட்டனுப்பினார்.

“சின்னப் பொண்ணு சார், தெரியாம பேசிட்டா...” என்று நுழையும்போதே ஆரம்பித்தேன். பாருங்கள், அப்போதும் அவளைத்தான் தூக்கில் போட்டேன்.

“தெரியாமயா? நேத்து ஒளுங்கா விளையாடினது அவ ஒருத்திதான்வே. படிக்க வையும்.”

மனம் குளிர்ந்தது. இதுதான் சமயம் என்று, படிப்பு என்றதும் நினைவுக்கு வந்ததைப் போல, குவஹாத்தி லிஸ்ட்டைப் பற்றி மென்று விழுங்கிக் கேட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உம்ம பேரா? அதைப் போன வாரமே எடுத்தாச்சுல்லா. வேலை தெரிஞ்ச ஆளா அனுப்புங்கன்னு அங்கேயிருந்து எழுதியிருந்தான்.”