கெட்டில்காரன்

டண்டீ நகரத்தில் மீசை முளைப்பது பெரிய குற்றம். மீசை வந்தவனுக்கு ஆண் சம்பளம் தர வேண்டுமே. அதனால் சணல் மில்லில் வேலை பார்த்த வாட்டி கீக்கி என்ற பையனைப் பதினெட்டு வயதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் ஆனதும் மனைவி எஃபி, பெண்களுக்குத் தரும் குறைந்த கூலிக்கு, நூல் நூற்க மில்லுக்குப் போனாள். வாட்டி கஞ்சி கிளறினான், பிள்ளையைக் குளிப்பாட்டினான், அவள் வரும் நேரத்துக்குத் தேநீருக்குக் கெட்டிலைக் கொதிக்கவைத்தான். தெருவில் பாதி ஆண்களுக்கு இதே உத்தியோகம்தான். ஊர் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் கெட்டில்காரன்.

நகரத்து விழாவில் மில் முதலாளி ஆக்டர்லோனி மேடையேறி எழுநூறு வருட வரலாற்றை முழங்கினார். கம்பளி, லினன், திமிங்கில எண்ணெய், சணல் எல்லாமே இந்த ஊர் ஆண்களின் தோளில் ஏறித்தான் வந்தனவாம். கைக்குழந்தையோடு கடைசியில் நின்ற வாட்டி தன் தோளைப் பார்த்துக்கொண்டான். பிள்ளை அதில் பால் கக்கியிருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் முதலாளி பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். வாட்டியின் பக்கத்தில் நின்ற எஃபி, மில் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு பழகியவள். தூரத்திலிருந்தே கவனித்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னடி சொல்றாரு?"

"பேச்சு பூரா வீட்டுக்காரம்மா எழுதிக் குடுத்ததாம்யா. நடுவுல ரெண்டு வரிய விட்டுட்டாராம். வீட்டுக்குப் போனா திட்டு விழும்னு பயப்படறாரு."

வாட்டிக்கு முதல் தடவையாக முதலாளி மேல் இரக்கம் பிறந்தது.

"பாவம்டி," என்றான். "நம்ம வீட்டுல கெட்டிலாவது என் கையால கொதிக்குது."