தடுக்காத அப்பா

பத்து வயதில் எனக்கிருந்த பெரிய கவலை, அப்பா என்னை எதற்கும் தடுப்பதில்லை என்பதுதான்.

எல்லாம் புத்தகங்களால் வந்தது. தூத்துக்குடியில் கப்பலேறிய அப்பா, சமையல்காரராகவே உலகத்தைச் சுற்றிவிட்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் மாலுமிகள் விடுதி ஒன்றின் அடுக்களையில் வந்து சேர்ந்தார். பிறகு அம்மாவையும் என்னையும் வரவழைத்துக்கொண்டார். விடுதிக் கூடத்து அலமாரியில், விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் வரிசையாக இருந்தன. பாலைவனம் கடந்தவர், சிறைச்சாலைகளைத் திருத்தியவர், ஆற்றுக்கடியில் சுரங்கம் போட்டவர். கொம்பும் சுழியுமான பழைய அச்சு. என் வகுப்பு ஜெர்மன் பையன்களே திணறுவார்கள். எனக்கோ எங்கும் இருப்புக் கொள்ளாத காலம். வெளியே மழை நின்றபாடில்லை, ஜன்னலில் நின்றால் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. எழுத்துக்கூட்டியாவது எல்லாவற்றையும் படித்து முடித்தேன்.

அந்த எழுத்தாளரிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றி எழுதினாலும் இரண்டாம் அத்தியாயத்தில் அப்பா குறுக்கே வந்து நிற்பார். கடலுக்குப் போகாதே என்பார், இயந்திரத்தைத் தொடாதே என்பார், பிரம்பை எடுப்பார். மகன் ஜன்னல் வழியாகக் குதிப்பான். அதற்கப்புறம்தான் புகழ். எளிய குடும்பத்தில் பிறக்கும் முதல் அத்தியாயம் எனக்கு நல்லபடியாக முடிந்திருந்தது. இரண்டாவதுதான் நகரவில்லை.

"ப்பா, நான் ஆப்பிரிக்காவுக்குப் போகப்போறேன். பாலைவனத்தக் கடக்கணும்."

அப்பா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "போயிட்டு வாலே. அங்க ராத்திரி குளிருமாம், ஸ்வெட்டர எடுத்துக்கோ."

சுரங்கம் தோண்டப்போவதாகச் சொன்னேன். "தோண்டு. அடுக்களைத் தரைய மட்டும் விட்டுரு."

ஒரு நாள் அவருடைய கைக்கடிகாரத்தையே பிரித்துப் போட்டேன். பொறியாளர் என்றால் சிறுவயதில் கடிகாரம் பிரித்தே ஆகவேண்டும். அப்பா பற்சக்கரங்களை ஒரு கிண்ணத்தில் அள்ளி வைத்தார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எல்லாம் நீங்க குடுக்கிற எடம். நாளைக்கு அடுப்பையும் பிரிப்பான்."

"பிரிக்கட்டும். எனக்கு ஒரு நாள் லீவு கெடைக்கும்லா."

அம்மாவின் திட்டு கணக்கில் சேராது. புத்தகங்களில் அம்மாக்கள் அழுவதோடு சரி.

நாலாம் வகுப்பு முடிந்தது. அந்த நாட்டில் அந்த வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். சிலர் தொழில் பக்கம் போவார்கள். சிலருக்குத்தான் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகிற கிம்னாசியம். டீச்சர் என்னைக் கிம்னாசியத்துக்குச் சிபாரிசு செய்திருந்தார். என்னைச் சேர்ப்பதற்காக அப்பா மறுநாள் காலைக்கு லீவு கேட்டு வாங்கினார். அம்மா அவர் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டினார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் சொன்னேன்:

"நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகல. கப்பலுக்குப் போறேன், உங்கள மாதிரி."

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. "என்னய மாதிரியா?"

"ஆமா. அடுப்படியிலயாவது சேத்துக்கிடுவாங்கல்லா."

"முடியாதுலே." குரல் உயரவில்லை. "கப்பல் பக்கம் போனேன்னா கால ஒடிச்சிப்போடுவேன்."

"சின்னப்பய விளையாட்டுக்குச் சொல்லுதான், நீங்க சாப்பிடுங்க" என்றார் அம்மா. அப்பா எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஒருவழியாக இரண்டாம் அத்தியாயம் தொடங்கிவிட்டது! குதிப்பதற்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. தப்பி ஓடுவதைக் காலைக்குத் தள்ளிவைத்தேன்.

காலையில் அதற்கு வழியே இல்லை. டிராமில் ஏறியதிலிருந்து அப்பா என் மணிக்கட்டை விடவில்லை. பள்ளியின் பெரிய கதவைத் தாண்டியும், வார்னிஷ் வாசம் அடித்த நீண்ட நடைபாதையிலும், தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சிலும் அதே பிடி. ஓடிவிடுவேன் என்று எவ்வளவு பயப்படுகிறார் என எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் உள்ளங்கை நனைந்திருந்தது. கதவைத் திறந்து தலைமை ஆசிரியர் கூப்பிட்டபோது அப்பா உடனே எழவில்லை.

"நீ முன்னால போலே" என்றார் மெதுவாக, பிடியை விடாமலே.

அதுவரை அவர் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதித்ததில்லை என்பதைப் பின்னாளில் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அன்று நான் ஒரு கைதிக்குரிய மிடுக்கோடு முன்னால் நடந்தேன், அவரை இழுத்துக்கொண்டு.