நெஸ்தோரிக்கு மட்டும் ஜாமீன் இல்லை

ஏத்லா என் மாமியார். கோர்தேஸ்மா பண்ணையின் எஜமானி, கணவரை இழந்தவர். ஞாயிறு பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்லிக்கொடுத்தவர். யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

1918 மே மாதம். பின்லாந்தின் உள்நாட்டுப் போரில் வெள்ளைப்படை ஜெயித்துவிட்டது. தோற்ற சிவப்புப்படையினரை ஊர் ஊராகத் தேடிப்பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் குத்தகைக்காரர்கள் வில்ஹோ, யால்மரி, நெஸ்தோரி மூவரும் அந்தப் பக்கம் சேர்ந்தவர்கள். எங்கள் சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் குடிலில், ஒளிந்திருந்தார்கள்.

படை வருகிறது என்றதும் மாமியார் கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் கூடையில் அள்ளிக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போய் நின்றார். பால் கேனுடன் நானும் பின்னால் ஓடினேன்.

படைத்தலைவன் ஈவரி, மாவுமில்காரர் மகன்.

"வழிய விடுங்க எஜமானியம்மா. உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சா நல்லதாப் போச்சு. மொதல்ல சாப்பிடு. பழிவாங்க வந்த தாவீதுக்கு எதிர்ல ரொட்டியோட போய் நின்னாளே ஒருத்தி, அவ பேரு என்ன?"

ஈவரியின் காது சிவந்தது. "அபிகாயில்."

"சொல்லிக்குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"அவன் தலையில ரத்தப்பழி விழக்கூடாதுன்னுதான் அவ வந்தா. உன் தலையிலயும் விழ வேணாம்டா."

"தாவீது ராஜாவே, எங்களுக்கும் ஒரு துண்டு மீனு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். ஈவரியும் உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு மூவரையும் வெளியே கூப்பிட்டான்.

"இவங்களுக்கு நீங்க ஜாமீனா?"

மாமியார் வில்ஹோவின் கையைப் பிடித்து, "இவனுக்கு நான் ஜாமீன்" என்றார். யால்மரிக்கும் அப்படியே.

"இவனுக்கு?"

போன குளிர்காலத்தில் நெஸ்தோரி துப்பாக்கியோடு வந்து எங்கள் சினைக்குதிரையை ஓட்டிக்கொண்டு போனான். மாமியார் கெஞ்சியபோது, "உங்க கர்த்தர்கிட்ட வேற குதிரை கேளுங்க" என்று சொல்லிக் காறித் துப்பினான்.

மாமியார் அவன் முகத்தையே பார்த்தார். "அவன் என் குதிரையக் கொண்டு போனான்" என்றார்.

ஈவரிக்கு அது போதுமாயிருந்தது. நெஸ்தோரி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தான்.

அவர்கள் சாலை வளைவில் மறைந்த பிறகுதான் மாமியாருக்கு உறைத்தது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஈவரி, அவனுக்கும் நான்தான்டா ஜாமீன்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். சரளைக்குழிப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு உயிரக் காப்பாத்தினீங்கம்மா" என்று போதகர் வந்து ஆறுதல் சொன்னார்.

"அபிகாயில் அந்த முரட்டுப் புருஷன் நாபாலுக்காகவும் கால்ல விழுந்தா, போதகரே. பிடிச்சவங்களுக்காக மட்டும் அவ போகல."

மாமியார் நெஸ்தோரியின் மனைவி சைமிக்குப் பால் கொண்டுபோனார். சைமி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நீங்க பொய் சொல்லியிருந்தா என் புருஷன் இருந்திருப்பான். உண்மையச் சொன்னீங்க பாருங்க, அதத்தான் என்னால பொறுத்துக்க முடியல."

பால் வாசலிலேயே இருந்து புளித்தது. அறுவடைக்கு முன்பே சைமி ஊரைவிட்டுப் போனாள். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் சாகும்வரை விசாரித்துக்கொண்டிருந்தார், தகவல் கிடைக்கவேயில்லை. அவருடைய சவப்பெட்டியை வில்ஹோவும் யால்மரியும் முன்னால் நின்று தூக்கினார்கள்.