ஏழாவது ஆடு

ஒக்டோபர் மாதத்தில் நோர்வேக்காரர் ஆட்டிறைச்சியையும் முட்டைக்கோவாவையும் ஒரே சட்டியில் அடுக்கி, மேலே கொஞ்சம் மிளகைப் போட்டு, மணிக்கணக்காக அவிப்பார்கள். உள்ளி இல்லை, இஞ்சி இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. நான் வேலை செய்த பாலர் பாடசாலையில் வருடத்தில் ஒருநாள் அதைச் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டிக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஊர் முழுக்க அதற்காக இளங்குட்டி இறைச்சிக்கு அலைவதால், பல தடவை ஈன்ற மூத்த செம்மறிகளைக் கேட்பாரில்லை. எங்களுக்கு வேண்டியதோ அதுதான். குட்டி இறைச்சி கறியில் கரைந்து காணாமல் போய்விடும். மூத்த ஆடு தூளுக்கும் நெருப்புக்கும் ஈடுகொடுத்து நிற்கும். விலையும் பாதிக்குக் கீழே.

இரண்டாயிரத்தின் அந்த முதல் வருடங்களில் நாங்கள் தலைநகரின் ஓரத்தில், குரோருட்டில் ஒரு மாடிக்குடியிருப்பில் இருந்தோம். குளிர்காலச் சாப்பாட்டைப் பற்றிய யோசனை எனக்கு வெயில்காலத்திலேயே தொடங்கிவிடும். அயலவர்கள் விடுமுறைக்குப் போன கிழமையாகப் பார்த்து மிளகாய்த்தூள் வறுப்பேன். ஒருமுறை கடுங்குளிரில் ஜன்னல்களைப் பூட்டிவைத்து வறுத்ததில், மாடிப்படி முழுக்க ஆட்கள் இருமி, புகைமணி அலறி, தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. அதன் பிறகு எடுத்த முடிவு அது. அரிசி மூட்டையாக வரும், வெங்காயம் சாக்கோடு வரும். கோழி, மா, சீனி, எண்ணெய் எல்லாவற்றுக்கும் விலை குறைவென்று எல்லை தாண்டி சுவீடனுக்கு ஓடுவோம். திரும்பி வரும்போது காரின் பின்பக்கம் நிலத்தைத் தொடுகிறமாதிரி இருக்கும். வாங்கியதை வைக்க, குடியிருப்பின் நிலக்கீழ் அறையில் எங்களுக்கென்று கம்பி அடித்த ஒரு கூண்டும், அதற்குள் பழையதாக வாங்கிய ஒரு பெட்டி பிரீசரும் இருந்தன.

இவை எல்லாவற்றிலும் பெரியது பங்கு ஆடு. யாழ்ப்பாணத்தார் நாலு வீடு சேர்ந்தால் பங்கு போடாமல் இருக்கமாட்டார்கள். தேவாலயத்தில் ஞாயிற்றுத் தமிழ்ப் பூசைக்குப் பிறகு கோப்பி குடிக்கிற இடத்தில் பழகிய ஆறு வீடுகள் நாங்கள். அடுத்த நகரமான திராமனுக்கு மேலே உள்ள ஒரு பண்ணையில் ஆறு ஆடு சொல்லி, அவை வெட்டுமிடத்தில் முத்திரை குத்தி உரித்து வந்ததும், நகரின் மற்ற ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் வான் வண்டி வைத்திருந்த ஒரு அண்ணையின் கராஜுக்குக் கொண்டுவருவோம். ஆளுக்கு ஒரு ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று கேட்கக்கூடாது. ஒன்று கொழுத்திருக்கும், ஒன்று மெலிந்திருக்கும், அதில் மனத்தாங்கல் வரும். ஆகவே ஆறையும் வெட்டிக் கலந்து, எலும்பும் சதையும் ஈரலும் எல்லாவற்றிலும் வரும்படி ஆறு குவியல் போடுவார்கள். பிறகு ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, இது ஆருக்கு என்று கேட்பார். திரும்பி நிற்பவர் வாய்க்கு வந்த வீட்டைச் சொல்வார். ஆட்களின் பெயர் சொல்வதில்லை. மோர்டென்ஸ்ருட், குரோருட் என்று இடத்தின் பெயர்தான். வீட்டுக்கு ஒரு பங்கு. வீட்டில் எத்தனை தலை என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

சுவரைப் பார்த்து நிற்கிற வேலை எப்போதும் என் கணவருடையது. பண்ணைக்குப் போன் பண்ணுகிற வேலை என்னுடையது. ஆண்களுடைய நோர்வேமொழி வேலைத்தலத்துக்குப் போதும். பண்ணைக்காரரின் மனைவியோடு ஆட்டின் வயதையும், ஈரல் தனியாக வேண்டும் என்பதையும் பேச அது காணாது. அந்த மனுசிக்கு என் குரல் பழகியிருந்தது. மூத்த ஆட்டை விரும்பிக் கேட்கிற ஒரே பெண் நான்தான் என்று சிரிப்பார்.

அந்த வருடம் பனி கரைகிற நேரத்தில் என் கணவர் திராமனில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் என்பதை இங்கே விரிக்கவில்லை. விரித்தால் அது வேறு கதை, அவருக்கும் அதில் சொல்ல இருக்கும். கார் அவரோடு போனது. பத்து வயதிலும் ஏழு வயதிலும் இருந்த இரண்டு மகள்மாரும், பிரீசரும் என்னோடு நின்றார்கள். பூசைக்குப் போனால், எனக்காகச் செபிப்பதாகச் சொன்னார்கள். நல்ல விசயம்தான். ஆனால் செபத்தைப் பிரீசருக்குள் வைக்க முடியாது. கார் இல்லாமல் சுவீடன் இல்லை. ஒரு சம்பளத்தில் கடை இறைச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் குளிர்காலத்துக்கு அந்தப் பங்கு எனக்கு உண்மையாகவே தேவைப்பட்டது.

செப்டெம்பரில் வான்கார அண்ணை எனக்குப் போன் எடுத்தார். சுகம் விசாரித்தார், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். பிறகு வழமைபோலப் பண்ணைக்குப் போன் அடித்து ஆறு என்று சொல்லிவிடச் சொன்னார். ஆறில் நான் இருக்கிறேனா என்று கேட்டேன். அண்ணை கொஞ்சம் இருமினார். குரோருட் பங்கை என் கணவர் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். எனக்கும் பிள்ளைகளுக்கும் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து அரைப்பங்கு போடுவதாக யோசித்திருக்கிறார்களாம். அதற்கு நான் ஒன்றும் தரத் தேவையில்லையாம்.

என் காது சுட்டது. தனி ஆளுக்கு முழுப்பங்கு, தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அரைப்பங்கு, அதுவும் தர்மம். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். அண்ணை கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, ரெண்டு பங்கு போட்டால் ரெண்டு வீடு எண்டு நாங்களே முடிச்சுவைச்ச மாதிரிப் போயிடும். ஒரு வீடாய் இருக்கட்டுமே. அவர் திரும்பி வரக்கூடும்."

அவர் மனதில் கள்ளம் இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கெட்ட மனிதன் என்றால் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்திருப்பேன். இவரோ எங்கள் கல்யாணத்தை ஆட்டிறைச்சியால் ஒட்டிவைக்கப் பார்க்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, யோசிக்காமல் உடனே பண்ணைக்கு அடித்தேன். ஏழு ஆடு என்றேன். புதுக் குடும்பம் ஒன்று வந்திருக்கிறதா என்று பண்ணைக்காரரின் மனைவி சந்தோசமாகக் கேட்டார். ஆமாம், புதிதுதான் என்றேன்.

பிறகு அண்ணைக்குத் திரும்ப எடுத்து, ஏழு சொல்லியிருக்கிறேன், ஏழாவதற்கு நானே பண்ணைக்குப் பணம் கட்டிவிடுகிறேன், வெட்டுகிற அன்று நான் வருவேன் என்று சொன்னேன். சரி பிள்ளை, என்றார். தங்கச்சி என்னவோ பிள்ளையாகிவிட்டாள். அது பாசமா சலிப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

பங்கு போடுகிற இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. போகக்கூடாது என்றில்லை; போவதில்லை, அவ்வளவுதான். நாங்கள் வீட்டில் இருந்து பொலித்தீன் பைகளைத் தயார்படுத்துவோம், கத்தி தீட்டுவோம், அன்றிரவு பொரிக்கிற ஈரலுக்கு வெங்காயம் அரிவோம். அந்தச் சனிக்கிழமை நான் பெரிய பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்றையும், சில்லு வைத்த பையையும், மகள்மார் இருவரையும் இழுத்துக்கொண்டு, நடுவில் ரயில் மாறி, மோர்டென்ஸ்ருட் கடைசி நிறுத்தம்வரை போனேன். அங்கே அப்பா வருவாரா என்று மூத்தவள் கேட்டாள். வருவார், கும்பிட்டுவிட்டு உன் பாட்டில் நில் என்றேன்.

கராஜுக்குள் நீல விரிப்புப் போட்டு, பேர்ச் மரக்குற்றி வைத்து, வெட்டு நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது, கத்தி நிற்கவில்லை. என் கணவர் கையுறை போட்டு எலும்பு பிரித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். பிள்ளைகள் ஓடிப்போய் அவர் முதுகில் தொங்கினார்கள். அண்ணையின் மனைவி உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். நான் இங்கேயே நிற்கிறேன் என்றேன். ஏழு ஆடு வந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆறு வீட்டின் பெயர்தான் வாயால் சொல்லப்பட்டு, மிச்சக் குவியலைக் கடைசியில் யாராவது என் பாத்திரத்துக்குள் தள்ளிவிட்டால் அது பங்கு இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியாது. கடை இறைச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டே அந்தக் குளிரைக் கழித்துவிடுவேன்.

ஏழு குவியல் போட்டார்கள். நான் கண்ணால் அளந்தேன். ஏழும் ஒன்றுபோலத்தான் இருந்தன. என் கணவர் கையுறையைக் கழற்றிவிட்டு, வழமைபோலச் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அண்ணை முதல் குவியலைத் தொட்டு, இது ஆருக்கு என்றார். மோர்டென்ஸ்ருட், என்றார் அவர். அடுத்தது வேறொரு வீடு. மூன்றாவதும் அப்படியே. அவருடைய முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குளிர்ச்சட்டையின் தையல் விட்ட தோளை நான்தான் ஒருமுறை பொத்தித் தைத்திருந்தேன். நான்காவது குவியலைத் தொட்டு அண்ணை கேட்டபோது, அவர் உடனே சொல்லவில்லை.

"குரோருட்," என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "அது அவையின்ரை வீடு. எனக்குத் திராமன் எண்டு சொல்லுவன்."

நான் போய் அள்ளினேன். ஒருவரும் உதவிக்கு வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோசமாக இருந்தது. அதே நேரம் அந்த இரண்டு ஊர்ப்பெயரும் பூசைக்கு வருகிற எல்லா வீட்டுக்கும் முன்னால் தனித்தனியாகச் சொல்லியாகிவிட்டது. அண்ணை பயந்தது சரிதான். அன்றைக்குத்தான் எங்கள் வீடு இரண்டானது. இறைச்சி கைக்குள் சில்லென்று இருந்தது. அழுகை வந்தது, அழுதேன், பாத்திரத்தை நிரப்பினேன்.

ரயிலில் அவ்வளவு பாரத்தை எப்படிக் கொண்டுபோவது என்று நான் யோசித்திருக்கவில்லை. காரில் விடுகிறேன் என்று என் கணவர் சொன்னபோது மறுக்கிற நிலையில் நான் இல்லை. பிள்ளைகள் பின்னால் ஏறி உடனே நித்திரையாகிவிட்டார்கள். பாதி வழியில் அவர் பேச்சைத் தொடங்கினார். திராமன் அறையில் இருப்பது சின்னக் குளிர்சாதனப்பெட்டியாம். மேல்தட்டில் ஒரு கோழி வைத்தால் கதவு பூட்டாதாம்.

"உம்மடை பிரீசரிலை கொஞ்ச இடம் இருக்குமோ?"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முழுப்பங்கு கேட்டு முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்த மனுசன், அதை எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை. எல்லா வருடமும் இறைச்சி தானாக நிலக்கீழ் அறைக்குப் போய்ப் பைபையாய் அடுக்கிக்கொண்டதாக நினைத்திருப்பார். பிறகு கோபம் வந்தது, அதன் பிறகு இரக்கம் வந்தது. மூன்றையும் விழுங்கிவிட்டுத்தான் பேசினேன்.

"அரைப்பங்குக்கு இடம் இருக்கு. மிச்சத்துக்கு நீங்களே இடம் பாருங்கோ."

மற்றப் பாதியை அண்ணையின் வீட்டில் வைத்துக்கொள்வதாக அவர் சொன்னார்.

வீடு வந்ததும் நிலக்கீழ் அறைக்குப் போனோம். என் கை இரண்டிலும் பாத்திரம் இருந்ததால் கூண்டுச் சாவியை என் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் திறக்கும்படி அவரிடம் சொன்னேன். என்னுடையதைப் பைகளில் கட்டி முதலில் அடியில் அடுக்கினேன். நடுவில் பத்திரிகைத்தாள் விரித்து, மேலே அவருடையதை வைத்தேன். மூடி மூடவில்லை. நித்திரைக் கலக்கத்தில் நின்ற பிள்ளைகளைத் தூக்கி மூடிமேல் இருத்தி, நானும் ஏறி இருந்தேன். மூடி மெதுவாக இறங்கி, கிளிக் என்று பொருந்தியது. சின்னவள் சிரித்தாள். இந்தக் குளிர்காலம் போகும் என்று எனக்குத் தெரிந்தது.

எந்தெந்தச் சனிக்கிழமை வந்து எடுப்பது, வருமுன் போன் பண்ணுவது என்று பேசிக்கொண்டோம். அவர் கூண்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பழக்கத்தில் சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டார். நான் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, எடுத்துத் தந்தார்.