மழைக்கோட்டு மஞ்சள்

பெயிண்ட் கடையில் அவளுக்குக் கலர் அக்கா என்றுதான் பெயர். உடைந்த டைல்ஸோ, சட்டைத் துணியோ, எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் கால் மணி நேரத்தில் அச்சு அசலாக அதே நிறத்தைக் கலக்கிக் கொடுத்துவிடுவாள். கலக்கியதை அட்டையில் ஒரு தீற்று தீற்றி, ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்த்த பிறகுதான் டப்பாவை மூடுவாள். ஈரத்தில் தெரியும் நிறம் சுத்தப் பொய் என்பது அவள் கட்சி. அவசரப்படுத்துகிறவர்களுக்குக் கிடைப்பது ஒரு முறைப்பு.

அப்பேர்ப்பட்டவளையும் ஒரு மஞ்சள் இரண்டு மாதமாகப் பாடாய்ப் படுத்தியது.

பதினோரு வருடத்துக்கு முன், கொட்டுகிற மழையில், தம்பியின் மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். அவன் நனைந்தபடியே பைக்கில் கிளம்பினான். கண்ணில் மழை அடித்ததோ என்னவோ, வளைவில் வண்டி சறுக்கிவிட்டது. வீட்டுக்கு அவன் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து அம்மா அவனைப் பற்றி வாயே திறப்பதில்லை. எல்லாம் தன்மேல் உள்ள கோபம்தான் என்று மகள் முடிவு கட்டிவிட்டாள். கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை, பாவம்.

கேட்க முடியாததை வரைந்தாள். ஆணியில் அதே மஞ்சள் மழைக்கோட்டு, தரையில் அதிலிருந்து சொட்டிய தண்ணீர். யாரோ இப்போதுதான் உள்ளே வந்து கழற்றி மாட்டியதுபோல. ஆளை மட்டும் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைக் கூட்டிவந்து படத்தின் முன் நிறுத்தினாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கலர் தப்புடி."

யாரிடம் போய் என்ன சொல்கிறாள் பாருங்கள்!

"கடைல தொங்குற புதுசு மாதிரி இருக்கு. தினம் பை மாட்டி மாட்டி வலது தோள் வெளுத்துப் போயிருக்கும்ல? மறந்துட்டியா?"

அடடா, ஷேட் கார்டில் இருக்கும் புது மஞ்சளைப் பார்த்தல்லவா கலந்துவிட்டாள்! அம்மா பக்கத்திலிருந்த வெள்ளை பெயிண்டில் கட்டைவிரலைத் தோய்த்து, படத்துக் கோட்டின் தோளில் மெல்லத் தேய்த்தாள்.

"நீ வேணாம் வேணாம்னுதான் சொன்ன. அவன்தான் கேக்காம மாட்டிவிட்டு, பட்டனையும் போட்டுவிட்டான். நான் ஜன்னல்ல பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

மகள் ஓவென்று அழுதுவிட்டாள். "இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"அவன் பேச்சை எடுத்தா நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன்டி."

பிறகு அம்மா முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அந்த டிரையரை எடு. காஞ்சாதானே தெரியும்."