அறுபத்தொன்றாம் டோக்கன்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் என் சிப்ஸ் கடைக்குப் பக்கத்தில் யோகலட்சுமியின் மேஜை வந்துவிடும். மேஜைக்குப் பின்னால் நூறு அறை வைத்த மர அலமாரி. மேலே ஒரு பலகை: 'பெண்கள் குளிக்கும் பகுதிக்குள் செல்போன் கொண்டுசெல்லக் கூடாது. மீறினால் நடவடிக்கை.' என்ன நடவடிக்கை என்று பலகையிலும் இல்லை, எனக்கும் தெரியாது. என் பெயர் இசக்கியப்பன். பதினாறு வருஷமாக அந்த இடத்தில் ஏத்தங்காய் சீவுகிறேன். கடைசி நாலு வருஷமாக இந்த அம்மாளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சீவுகிறேன்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. மேலகரத்தில் வீடு. புருஷன் சொரிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறான். போன்களை வாங்கிவைத்து டோக்கன் கொடுக்கும் குத்தகை வேறு யாருக்கோ, இவள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் சட்டத்தை இவளே எழுதியது மாதிரி நடந்துகொள்வாள். டோக்கன் இருந்தால்தான் போன். தொலைந்துவிட்டது என்றால் சாயங்காலம் அலமாரி காலியாகும்வரை நிற்க வேண்டியதுதான். கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு துபாய்க்காரர் மூன்று மணி நேரம் ஈரத்துண்டோடு நின்றிருக்கிறார். முகத்தைக் காட்டினால் போன் திறந்துகொள்ளும், வேண்டுமானால் பாருங்கள் என்று கெஞ்சினார். "உங்க மொகம் எனக்கெதுக்கு? டோக்கன் எங்க?" என்றாள்.

அவள் கண்டிப்பெல்லாம் டாக்ஸியிலும் வேனிலும் வருகிறவர்களிடம்தான். அதிகாரி வீட்டு வண்டி வந்தால் காவலுக்கு நிற்கும் சிவசைலம் ஒரு விசில் அடிப்பான். இவள் எழுந்துபோய் வாசல் கயிற்றைத் தூக்கிப் பிடிப்பாள். அவர்கள் போனும் கையுமாக உள்ளே போவார்கள். அதற்குப் பிறகு அரைமணி நேரத்துக்கு என் கடைப்பக்கம் அவள் திரும்பமாட்டாள்.

போனுக்குப் பூட்டுப் போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். அவளுடைய போன் திறந்தே கிடக்கும். சொரிமுத்து அதில் வீடியோ பார்ப்பான், அடுத்த வீட்டுக்காரி எடுத்து மகளோடு பேசுவாள். "மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்" என்பாள். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இந்தப் பழமொழி என் காதில் விழும்.

"அப்போ வீட்டுக்கும் கதவு வேண்டாம்லா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது திருடனுக்கு. கட்டுன புருஷனுக்கும் பெத்த பிள்ளைக்கும் என்ன பூட்டு அண்ணாச்சி?"

என் போனில் பூட்டு உண்டு என்பதை நான் சொல்லவில்லை.

குடும்பமாக வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வேனை விட்டு இறங்கும்போதே எல்லாருடைய போனும் வாட்சும் கண்ணாடியும் ஒரே மஞ்சள் பையில் விழும். பைக்கு ஒரு டோக்கன். அது வீட்டுப் பெரிய மனுஷனின் அரைஞாண்கயிற்றில் ஏறிவிடும். இடுப்பில் துண்டோடு அருவியில் நிற்கிறவருக்கு வேறு எங்கே வைக்க இடம்? அவர் வெளியே வந்தால்தான் எட்டுப் பேருக்கும் போன்.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை. காலையில் தண்ணீர் பெருகி, குளிக்கத் தடை போட்டு, பத்தரைக்குத்தான் திறந்துவிட்டார்கள். நல்ல கூட்டம். பதினொன்றரை இருக்கும், இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி தலையைக்கூடத் துவட்டாமல் மேஜைக்கு ஓடிவந்தாள். சுந்தரபாண்டியபுரத்துக் கைலாசத்தின் மகள், சண்முகப்பிரியா என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, மஞ்சப்பையில என் போன் இருக்கு. ஒரே ஒரு நிமிஷம் தாங்களேன்."

"டோக்கன்?"

"அப்பாட்ட இருக்கு. அவிய இப்பதான் எண்ண தேச்சுக்கிட்டு உள்ள போயிருக்காவ."

"வரட்டும்."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னதை நானும் கேட்டேன். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். பன்னிரண்டுக்குள் போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வீட்டுக்குத் தெரியாது. வெளியூர் வேலை என்று காதில் விழுந்தாலே அப்பா அடுத்த மாதமே கல்யாணத்தை முடித்துவிடுவார்.

"நல்ல காரியத்த ஏன் ஒளிக்க? மடியில கனம்..." என்று இவள் ஆரம்பிக்கும்போதே அலமாரியில் போன் அடித்தது. ஐம்பத்தைந்தாம் அறை. அந்தப் பெண் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யோகலட்சுமி அசையவில்லை. அடித்து ஓய்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏத்தங்காயோடு விரலையும் சீவியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து சிவசைலத்தின் விசில். வெள்ளைக் கார். இவள் போய்க் கயிற்றைத் தூக்கினாள். நாலு பெண்கள், ஆளுக்கொரு போன், ஒருத்தி அப்போதே வீடியோ எடுத்துக்கொண்டு நடந்தாள். இவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அவங்களுக்கு டோக்கன் கெடையாதாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். குத்தலாகக்கூட இல்லை, தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

யோகலட்சுமியின் முகம் கறுத்துவிட்டது. மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை எழுந்து, பைக்குள் கையை விட்டு, அடிக்கிற போனை எடுத்தாள். அந்தப் பெண் கையை நீட்டினாள்.

"பொறு. இதுல பேசுனா, பேசுன நேரம் காட்டும்லா. உங்கப்பா பாப்பாரா?"

"தெனமும் சாயங்காலம் பாப்பாவ. பூட்டு நம்பர் போட்டுக் குடுத்ததே அவியதான்."

"அண்ணாச்சி, எழுதுங்க" என்று அவள் திரையில் இருந்த எண்ணைச் சொல்லச் சொல்ல நான் சிப்ஸ் பையின்மேல் எழுதினேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தன் போனை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "இதுக்கு டோக்கன் வேண்டாம். கடைக்குப் பின்னால போய்ப் பேசு."

எண்ணெய் டின்களுக்கு நடுவே நின்று அவள் பத்து நிமிஷம் பேசினாள். ரத்தம், சர்க்கரை என்று என்னென்னவோ காதில் விழுந்தது. வெளியே வந்தபோது அழுதுகொண்டே சிரித்தாள். வேலை கிடைத்துவிட்டது. உத்தரவை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், ஒரு வாரம் ஆகும். அவள் போனுக்கு வரக் கூடாது என்பதால் யோகலட்சுமியின் எண்ணைக் கொடுத்துவிட்டாள்.

யோகலட்சுமி ஒரு டோக்கனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். அறுபத்தொன்று. "அடுத்த வெள்ளிக்கு மேல நீயே வந்து இதக் குடுத்து வாங்கிக்கோ."

"பிள்ளையோட மொகம் மறந்துருமாக்கும்?" என்றேன்.

"டோக்கன்னா டோக்கன்தான்."

கால்மணி கழித்துக் கைலாசம் வந்து பையை வாங்கினார். நல்ல உயரம், நரைத்த மீசை. மகளின் போனைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். "ரெண்டு மிஸ்டு கால் கெடக்கு. யாரும்மா இது?" அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"காலையிலருந்து எல்லாப் போனும் அப்படித்தான் கத்துது அண்ணாச்சி. லோன் வேணுமான்னு கேக்கவனுவ" என்றாள் யோகலட்சுமி. நாலு வருஷத்தில் அவள் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டது அப்போதுதான்.

அன்று மேஜையைக் கட்டும்போது போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "பூட்டு எப்படிப் போடணும்?"

அவள் பயம் எனக்குப் புரிந்தது. சொரிமுத்து தினமும் சுந்தரபாண்டியபுரத்திலிருந்துதான் காய்கறி ஏற்றுகிறான். கைலாசத்தின் தோட்டத்துக் காயும் அதில் உண்டு. அவன் கண்ணில் ஒரு விஷயம் பட்டால் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் சொன்ன மாதிரிதான். பூட்டு எண்ணை அவளையே அடிக்கச் சொல்லிவிட்டு நான் திரும்பிக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் சொரிமுத்து நேராக மேஜைக்கே வந்துவிட்டான். வரிசையில் இருபது பேராவது நின்றார்கள்.

"போன்ல எதுக்குட்டி பூட்டு? நாலு நாளாக் கேக்கேன், பதிலே காணும். எவன்கிட்ட பேசுத?"

நான் சீவுவதை நிறுத்தினேன். போனைத் திறந்து காட்டினால் அவள் பெயர் ஒரு நொடியில் தப்பிக்கும், ஆனால் அது யார் எண் என்று சொல்லியாக வேண்டும், அந்தப் பெண்ணின் வேலை விஷயம் சாயங்காலமே சுந்தரபாண்டியபுரம் போய்விடும். இது எனக்கே தெரிகிறதே, அவளுக்குத் தெரியாதா?

"மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? நீ சொல்லுததுதானே?" என்றான்.

யோகலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை. "கனம் இருக்கத்தான் செய்யுது. என்னுது இல்ல, ஒருத்தர் குடுத்து வச்சது. டோக்கன் கொண்டாந்தாத்தான் எடுத்துக் குடுப்பேன்."

"கட்டுன புருஷனுக்குமா?"

"புருஷன் வந்தா கயிறத் தூக்கி விடணுமாக்கும்? அந்தக் கேவலம் இந்த வாசலோட போகட்டும்."

சொரிமுத்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனவன் வீட்டில் ஒருவாரம் பேசவில்லை. அடுத்த வீட்டுக்காரி வேறு மாதிரிப் பேசினாள். இரண்டையும் அவள் என்னிடம் சொல்லித்தான் அழுதாள், ஆனால் போனைத் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் சண்முகப்பிரியா தனியாக வந்தாள். மேஜைமேல் டோக்கனை வைத்தாள். யோகலட்சுமி எண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆணியில் மாட்டிவிட்டு, பிறகுதான் போனைத் திறந்தாள். உத்தரவு முந்தின நாளே வந்திருந்தது.

"அப்பாட்ட எப்பச் சொல்லப் போற?"

"பிரிண்ட் எடுத்துக்கிட்டு இன்னைக்கே சொல்லிருவேன்க்கா. யாரோ சொல்லி அவியளுக்குத் தெரியக் கூடாது. நான்தான் சொல்லணும்."

சொன்னாள். மூன்று நாள் சண்டை நடந்ததாம். நாலாம் நாள் கைலாசமே பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். இதைச் சொரிமுத்துதான் வந்து சொன்னான், கொஞ்சம் அசடு வழிந்துகொண்டு. இதில் யோகலட்சுமிக்கு என்ன பங்கு என்று கைலாசம் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான்.

வெள்ளைக் கார் வந்தால் அவள் இன்றைக்கும் கயிற்றைத் தூக்கத்தான் செய்கிறாள். கேட்டால் "எனக்கும் வயிறு இருக்குல்லா அண்ணாச்சி" என்கிறாள். மஞ்சள் பையை மட்டும் இப்போது வாங்குவதில்லை. ஆளுக்கொரு டோக்கன், அவரவர் கையில். குத்தகைக்காரர் அலமாரியில் இடம் போதவில்லை என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

வந்த உத்தரவை அவள் போனிலிருந்து நான்தான் அழித்துக் கொடுத்தேன். "இனி ஒண்ணும் இல்லையே, பூட்ட எடுத்துரட்டுமா?" என்று கேட்டேன்.

போனைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லாட்டி என்ன? என் போன்லா. இருக்கட்டும்."