ஏர்போர்ட்டில் நின்றுபோன சாமி

கிளிஃப்டனுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவர் என் கணவர். டெக்சாஸிலேயே நார்வேக்காரர்கள் ஊர் ஒன்று இருக்கிறது, ஒருமுறை பார்க்கணும் என்பார். ஒவ்வொரு டிசம்பரும் ஏதாவது வேலை வந்துவிடும். போன ஏப்ரலில் மாரடைப்பு வந்து போய்விட்டார். அவருக்காக நாமாவது போவோம் என்று டிசம்பர் முதல் சனிக்கிழமை நானும் மகள் அனுவும் கிளம்பினோம்.

இர்விங்கில் காலை 8.40க்குக் காரை எடுத்தோம். கிளீபர்ன் வழியாகத் தொண்ணூற்றைந்து மைல். அனு ஓட்டியதால் ஒன்றே முக்கால் மணி நேரம். நான் ஓட்டியிருந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்போம்.

அங்கே ஒரு சின்னக் காட்சியகம், தலைக்கு ஐந்து டாலர். அதைப் பார்த்துக்கொள்ளும் காரென் என் வயதுக்காரர், நார்வேயிலிருந்து வந்த குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை. சிவப்புக் குல்லா போட்ட குட்டைப் பொம்மை ஒன்றைக் காட்டினார். பெயர் நிஸ்ஸே. வீட்டையும் தொழுவத்தையும் காக்குமாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதற்கு அரிசிக் கஞ்சி வைக்க வேண்டும். மேலே வெண்ணெய் தெரிய வேண்டும், இல்லையென்றால் கோபம் வந்துவிடும். அதன் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம் வீட்டையே காலி செய்ததாம். சாமான் வண்டி புறப்பட்டதும், வாளிக்குள்ளிருந்து நிஸ்ஸே தலையை நீட்டி, "இன்னைக்கு நாம வீடு மாத்துறோம்!" என்றதாம்.

பார்க்க வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

எங்கள் குலசாமி திருநெல்வேலிப் பக்கத்துச் சுடலைமாடன். கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து வந்து வைத்தால் சாமியும் கூடவே வரும் என்பது வழக்கம். அமெரிக்கா வரும்போது என் கணவரும் எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வந்தார். பொய் சொல்ல வராத மனுஷன். ஏர்போர்ட்டில் சுங்கப் படிவத்தில் மண் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார், அதிகாரிகள் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "சாமி ஏர்போர்ட்லயே நின்னுட்டாருடி" என்று இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதமாக நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சாமி இங்கே இல்லை. இருந்திருந்தால் அவரைச் சாக விட்டிருக்குமா?

திரும்பும் வழியில், எப்போதும் ஆங்கிலத்திலேயே பேசும் அனு தமிழில் கேட்டாள்: "அம்மா, அப்போ நம்ம சாமியும் அப்பா பேக்ல ஹைட் பண்ணி வந்திருக்கும், ரைட்?"

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் கேட்டாள், பாவம். "வந்திருந்தா ஏன்டி காப்பாத்தல?" என்றுவிட்டேன்.

போகிறவர்கள் கிளீபர்னிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். கையில் புளியோதரை இருக்கட்டும். மூன்று மணி நேரம் இருந்தால் ஊரைப் பார்த்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து பொங்கல் வைத்தேன். சாவு நடந்த வீட்டில் வருஷம் திரும்பும் முன் சாமிக்குப் படைக்கக் கூடாது என்பார்கள். தெரிந்தேதான் வைத்தேன். கோபம் அடங்கவில்லை. ஆனாலும் நெய்யை மேலே தெரியும்படிதான் ஊற்றினேன். அனு இன்னும் இந்த வீட்டில்தானே இருக்கிறாள்.